நுரையீரலுக்குள் ஒரு டிரேசர் பரிசோதனை

மலர்க்குழு நண்பர்கள் கட்டுரை கேட்டபோது ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "ஹாஸ்டல் சாப்பாடு, கல்ச்சுரல்ஸ், கட் அடித்துவிட்டுப் போன சினிமா, இதெல்லாம் ஏற்கெனவே எட்டுப் பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நீ படித்த படிப்போடு சம்பந்தப்பட்ட ஏதாவது வரலாறு எழுது." கெமிக்கல் படித்தவனிடம் வரலாறா என்று சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் சிரிக்கலாம். அதைவிட, நான் எடுத்துக்கொண்ட விஷயத்தைச் சொன்னால் இன்னும் பலமாகச் சிரிப்பார்கள்: எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், ஊசி வழியாக ஒரு 'கான்ட்ராஸ்ட்' மருந்தைச் செலுத்தி, நுரையீரலில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க மனிதன் கற்றுக்கொண்ட கதை. இது டாக்டர்கள் சமாச்சாரம் ஆயிற்றே என்பீர்கள். இல்லை. இது நம் டிபார்ட்மெண்ட் சமாச்சாரம்.

மூன்றாம் வருட ரியாக்ஷன் இன்ஜினியரிங் லேபை நினைத்துப் பாருங்கள். ஒரு தொட்டி. ஒரு பக்கம் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், மறுபக்கம் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே வரும் குழாயில் சிரிஞ்சால் உப்புக் கரைசலைச் சட்டென்று அடிக்க வேண்டும். வெளியேறும் குழாயில் கண்டக்டிவிட்டி மீட்டர். ஒருவர் ஸ்டாப்வாட்ச், ஒருவர் ரீடிங், ஒருவர் நோட்டு. கடைசியில் கிராஃப் தாளில், சரேலென்று ஏறி நிதானமாக இறங்கும் ஒரு குன்று கிடைக்கும். அந்தக் குன்றின் வடிவத்தை வைத்து, தொட்டியைத் திறந்தே பார்க்காமல், உள்ளே எங்கே தண்ணீர் தேங்குகிறது, எங்கே குறுக்கு வழியில் ஓடிவிடுகிறது என்று சொல்லிவிடலாம். கொள்ளளவைச் சராசரி தங்கும் நேரத்தால் வகுத்தால் ஓட்டத்தின் அளவு. லெவன்ஸ்பீல் புத்தகத்தைத் தலையணையாகவாவது பயன்படுத்தியவர்களுக்கு இது தெரியும். மற்ற பிரிவு நண்பர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

தங்கும் நேரப் பரவல் பற்றி இங்கிலாந்தின் டாங்க்வெர்ட்ஸ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1953-ல் வந்தது. நம் ஆட்கள் அதை வேதப் புத்தகமாகக் கொண்டாடுகிறோம். சரிதான். ஆனால் அடுத்த ஆண்டே, 1954-ல், பால் மெய்யர், கென்னத் சியர்லர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ரத்த ஓட்டத்துக்கு ஏறக்குறைய அதே கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். தொட்டிக்குப் பதில் உடலுறுப்பு, தண்ணீருக்குப் பதில் ரத்தம், மற்றபடி அதே குன்று. இன்னும் பின்னால் போனால் நமக்கு வெட்கமாகக்கூட இருக்கும். ஜார்ஜ் நீல் ஸ்டூவர்ட் என்ற உடலியல் விஞ்ஞானி 1890-களிலேயே நாயின் ரத்தக் குழாயில் உப்புக் கரைசலைச் செலுத்தி, வேறோர் இடத்தில் மின்தடை மாறுவதைக் கவனித்து, ரத்தம் சுற்றிவரும் நேரத்தை அளந்துவிட்டார். 1897-ல் இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தின் அளவுக்கும் இந்த வழியைக் கொண்டுபோனார். உப்பும் கண்டக்டிவிட்டியும்! நம் லேப் பரிசோதனை டாங்க்வெர்ட்ஸுக்கு அரை நூற்றாண்டு முன்னாலேயே நடந்து முடிந்திருக்கிறது.

நுரையீரலுக்கு வருவோம். மற்ற உறுப்புகளுக்கெல்லாம் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஒரு பங்குதான் போகும். நுரையீரலுக்கு மட்டும் மொத்தமும் போகும். நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர், அத்தனையும் அந்த மெல்லிய வலைப்பின்னல் வழியாகத்தான் போயாக வேண்டும். காலிலோ இடுப்பிலோ உள்ள சிரையில் உறைந்த ரத்தக்கட்டி ஒன்று பிய்த்துக்கொண்டு கிளம்பினால் நேராக வந்து அடைப்பதும் இங்கேதான். பெரிய கட்டி என்றால் சில நிமிடங்களில் உயிர் போகும். சின்னக் கட்டி என்றால் மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும். அது ஆஸ்துமாவா, நிமோனியாவா, மாரடைப்பா என்று குழப்பும். சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆகவே 'ரத்தம் எங்கே போகிறது, எங்கே போகவில்லை' என்று பார்க்க ஒரு வழி வேண்டும். இதற்கு மருத்துவ உலகம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

1929-ல் ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்ற ஊரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர், தன் கைச் சிரைக்குள் தானே ஒரு மெல்லிய குழாயைச் செருகி இதயம்வரை தள்ளிவிட்டு, அப்படியே நடந்துபோய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். 1931-ல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் குழுவினர் எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்தி நுரையீரல் தமனிகளைப் படம் எடுத்தார்கள். இந்த ஆஞ்சியோகிராம் ரொம்ப காலம் 'கடைசித் தீர்ப்பு' பரிசோதனையாக இருந்தது. ஆனால் இதயம் வழியாகக் குழாய் விட வேண்டும். அதிலும் ஆபத்து உண்டு.

அடுத்தது கதிரியக்கம். லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் சைக்ளோட்ரான் ஒன்று இருந்தது. அதில் தயாரித்த கதிரியக்கக் கரியமில வாயுவைக் கொண்டு 1960-ல் ஜான் வெஸ்ட்டும் கோலின் டாலரியும் ஒரு விஷயத்தை நிறுவினார்கள்: நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் மனிதனின் நுரையீரலில் கீழ்ப்பகுதிக்கு ரத்தம் அதிகம், மேல் நுனிக்கு மிகக் குறைவு. புவியீர்ப்பு! நம் பாஷையில் ஸ்டாட்டிக் ஹெட். 1964-ல் ஹென்றி வாக்னர் குழுவினர் அமெரிக்காவில் இன்னொரு யுக்தி செய்தார்கள். கதிரியக்கம் ஏற்றிய அல்புமின் புரதத் துகள்களைச் சிரையில் செலுத்தினால், அவை நுரையீரலின் தந்துகிகளில் போய் மாட்டிக்கொள்ளும். ரத்தம் போகிற இடமெல்லாம் துகள் போகும், போகாத இடம் வெற்றிடமாகத் தெரியும். இது ஓடும் டிரேசர் அல்ல, வேண்டுமென்றே சிக்க வைக்கும் டிரேசர். நல்ல யோசனை, இன்றும் பயன்படுகிறது. ஆனால் படம் மங்கல்தான், கதிரியக்கமும் உண்டு.

இந்தக் கட்டத்தில்தான் காந்தம் உள்ளே வருகிறது.

ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு குட்டிக் காந்தம். பலமான காந்தப் புலத்தில் வைத்து, சரியான ரேடியோ அலையால் தட்டினால் அது பதில் குரல் கொடுக்கும். 1.5 டெஸ்லா புலத்தில் இந்த அலைவரிசை சுமார் 64 மெகாஹெர்ட்ஸ். எஃப்.எம். ரேடியோவுக்குக் கொஞ்சம் கீழே. 1946-ல் ஃபீலிக்ஸ் பிளாக், எட்வர்ட் பர்செல் இருவரும் தனித்தனியே இதை அறிவித்தார்கள். 1952-ல் நோபல் பரிசு. தட்டிய பிறகு கரு பழைய நிலைக்குத் திரும்ப ஒரு நேரம் பிடிக்கும். சுத்தமான தண்ணீரில் அது சில வினாடிகள். பிளாக்குக்கு இது பெரிய தொல்லை. ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டும். எனவே தண்ணீரில் ஃபெர்ரிக் நைட்ரேட் கலந்தார். இரும்பு அயனியின் காந்தத்தன்மை தண்ணீரின் ஹைட்ரஜனைச் சீக்கிரம் அமைதிப்படுத்திவிட்டது. 1948-லேயே இது அச்சில் வந்துவிட்டது. கான்ட்ராஸ்ட் மருந்தின் மொத்தத் தத்துவமும் இதுதான். படம் எடுக்கும் யோசனையே பிறக்காத காலத்தில், படத்துக்கான மருந்து பிறந்துவிட்டது!

நம்மவர்கள் இதைச் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம். எம்.ஆர்.ஐ. எந்திரம் மருந்தைப் பார்ப்பதில்லை. எக்ஸ்ரேயில் அயோடின் மருந்து தானே நிழல் விழுத்தும். இங்கே அப்படியல்ல. எந்திரம் பார்ப்பது தண்ணீரின் ஹைட்ரஜனைத்தான். மருந்து பக்கத்தில் இருந்தால் அந்த ஹைட்ரஜன் சீக்கிரம் தயாராகி, அடுத்த தட்டுக்குப் பலமாகக் குரல் கொடுக்கும். அந்த இடம் வெளிச்சமாகத் தெரியும். மருந்து மாறுவதில்லை, செலவாவதுமில்லை. ஒரு தண்ணீர் மூலக்கூறைத் தொட்டு அனுப்பிவிட்டு அடுத்ததைத் தொடும். அதாவது கேட்டலிஸ்ட்!

1973-ல் பால் லாட்டர்பர், காந்தப் புலத்தைச் சரிவாக அமைத்து, தண்ணீர் நிரப்பிய இரண்டு மெல்லிய குழாய்களின் படத்தை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். அவரே 1978-ல் சகாக்களோடு நாய்களுக்கு மாங்கனீசு உப்பைச் செலுத்தி, இதயத்தில் ரத்தம் போகாத பகுதியை அடையாளம் காட்டினார். கான்ட்ராஸ்ட் வேலை செய்யும் என்பது உறுதியாயிற்று. ஆனால் மாங்கனீசு அயனியை அப்படியே மனிதனுக்கு ஏற்ற முடியாது. அதைவிடப் பலமான, அதைவிடப் பத்திரமான ஒன்று வேண்டும்.

பலமான ஒன்று ஏற்கெனவே இருந்தது. ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் பக்கத்தில் யிட்டர்பி என்றொரு சுரங்கக் கிராமம். 1787-ல் அங்கே ஒரு ராணுவ அதிகாரி கனமான கறுப்புக் கல் ஒன்றைக் கண்டெடுத்தார். பின்லாந்தின் டுர்க்கு நகரப் பேராசிரியர் யோஹன் காடோலின் அதைப் பகுத்தாய்ந்து, அதில் புதிய 'மண்' ஒன்று இருப்பதாக 1794-ல் சொன்னார். அரிய மண் தனிமங்களின் வரலாறு அங்கே ஆரம்பம். 1880-ல் ஜெனீவாவின் மாரிஞாக் கண்டுபிடித்த 64-ஆம் எண் தனிமத்துக்குப் பின்னால் காடோலின் பெயரையே வைத்தார்கள்: காடோலினியம். அதன் அயனியில் 7 ஜோடி சேராத எலெக்ட்ரான்கள். தண்ணீரின் ஹைட்ரஜனைத் துரிதப்படுத்துவதில் இதற்கு நிகர் இல்லை என்றே சொல்லலாம். (யிட்டர்பிக்குத்தான் இந்தப் பெருமை என்று நினைக்க வேண்டாம். நம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட்டிலும் அரிய மண் தனிமங்கள் உண்டு. காடோலினியமும் கொஞ்சம் அதில் அடக்கம்.)

கஷ்டம் என்னவென்றால் இது விஷம். காடோலினிய அயனியின் அளவு கால்சிய அயனியின் அளவுக்கு மிக நெருக்கம். உடம்பில் நரம்பு, தசை எல்லாம் கால்சியத்தை நம்பி ஓடுகின்றன. கால்சியம் போக வேண்டிய வாசலில் இது போய் உட்கார்ந்தால் அவ்வளவுதான். ஆகவே இதைக் கூண்டில் அடைத்து அனுப்ப வேண்டும். 1981-ல் பெர்லினின் ஷெரிங் கம்பெனியில் ஹான்ஸ்-யோவாகிம் வைன்மன் குழுவினர் டி.டி.பி.ஏ. என்ற கிலேட் மூலக்கூறைத் தேர்ந்தெடுத்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். டி.டி.பி.ஏ. புதிய ஆசாமி அல்ல. உடம்பில் புகுந்த புளூட்டோனியத்தை வெளியேற்றவும், சிறுநீரக ஸ்கேனுக்கும் பயன்பட்டது. அது எட்டுக் கைகளால் காடோலினியத்தைக் கட்டிப்பிடிக்கும். ஒரே ஒரு தண்ணீர் மூலக்கூறு வந்துபோக மட்டும் இடம் விடும். அந்த ஒரு இடத்தில் வினாடிக்குப் பல லட்சம் முறை தண்ணீர் மாறிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் சிறுநீரகம் கூண்டோடு வெளியேற்றிவிடும். ஆரோக்கியமானவருக்குச் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். 1984-ல் அதே ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில், கார் என்ற மருத்துவரும் சகாக்களும் 20 நோயாளிகளிடம் கிடைத்த முதல் அனுபவத்தை வெளியிட்டார்கள். 1988-ல் 'மேக்னவிஸ்ட்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

மூளைக்கட்டி பார்க்க இது பிரமாதமாக உதவியது. நுரையீரலுக்கு? உதவவில்லை. இங்கேதான் எனக்குக் கதை சூடு பிடிக்கிறது.

எம்.ஆர்.ஐ.க்கு உடம்பிலேயே பிடிக்காத இடம் நுரையீரல். முதலாவது, அங்கே இருப்பது பெரும்பாலும் காற்று; குரல் கொடுக்கத் தண்ணீர் போதாது. இரண்டாவது, கோடிக்கணக்கான காற்றுப் பைகளின் சுவர்களில் காற்றும் திசுவும் மாறி மாறி வருவதால் காந்தப் புலம் அங்கங்கே கோணலாகும். அதனால் கருக்கள் கொடுக்கும் குரல் 1.5 டெஸ்லாவில் ஓரிரு மில்லி வினாடிகளிலேயே கலைந்து மறைந்துவிடும். எந்திரம் காதைத் தீட்டுவதற்குள் பேச்சே முடிந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் மூச்சும் இதயத் துடிப்பும் வேறு எல்லாவற்றையும் ஆட்டிக்கொண்டே இருக்கும். பழைய நுரையீரல் எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்தால் இரண்டு கறுப்புப் பைகள்தான்.

டிரேசர் பரிசோதனை செய்பவனுக்கு என்ன தேவை? கொடுக்கும் துடிப்பு கூர்மையாக இருக்க வேண்டும். மீட்டர், குன்று ஏறி இறங்குவதைவிட வேகமாக ரீடிங் எடுக்க வேண்டும். கைச் சிரையில் மருந்தை வேகமாகச் செலுத்தினால் சில வினாடிகளில் வலது இதயம், அங்கிருந்து நுரையீரல், இன்னும் நாலைந்து வினாடியில் இடது இதயம். நுரையீரலில் நடக்கும் மொத்த நாடகமும் ஒரு மூச்சு அடக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஆனால் 1988-ல் ஒரு நல்ல படம் எடுக்கவே பல நிமிடங்கள் ஆயிற்று! டிரேசர் ரெடி, மீட்டர் ரெடி இல்லை. மருந்துக் கம்பெனி செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. மிச்சத்தை எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்கள்தான் செய்ய வேண்டியிருந்தது.

செய்தார்கள். 1985-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆக்ஸல் ஹாசே, யென்ஸ் ஃப்ராம் குழுவினர் 'ஃபிளாஷ்' என்ற முறையைக் கண்டுபிடித்தார்கள். கருவைப் பலமாகத் தட்டிவிட்டுக் காத்திருப்பதற்குப் பதில், லேசாகத் தட்டித் தட்டி வேகமாகப் படம் எடுப்பது. அடுத்து, காந்தப் புலத்தைச் சரிவாக்கும் கிரேடியன்ட் சுருள்கள் பலமும் வேகமும் பெற்றன. அவற்றை ஆன், ஆஃப் செய்யும் வேகம் கூடக் கூட, குரல் கலைவதற்குள் கேட்டுவிட முடிந்தது. 1993-ல் மார்ட்டின் பிரின்ஸ் குழுவினர், காடோலினியத்தைச் செலுத்தியபடி முப்பரிமாணப் படம் எடுத்தால் ரத்தக் குழாய்கள் மட்டும் பளிச்சென்று எரியும் என்று காட்டினார்கள். 1996-ல் ஹிரோட்டோ ஹதாபுவும் சகாக்களும் மிகக் குறுகிய எதிரொலி நேரத்தைப் பயன்படுத்தி, மருந்து நுரையீரலைக் கடந்து போவதை அடுத்தடுத்த படங்களாகப் பிடித்தார்கள். கறுப்புப் பைகளுக்குள் முதன்முறையாக ரத்தம் பரவுவது தெரிந்தது. 1999-ல் அதே குழு படத்திலிருந்து எண்ணுக்கு நகர்ந்தது: ஒவ்வொரு இடத்திலும் குன்று வரைந்து, ரத்தத்தின் கொள்ளளவு, கடக்கும் நேரம், ஓட்டம் என்று கணக்கிட ஆரம்பித்தார்கள். மெய்யரும் சியர்லரும் 1954-ல் போட்ட சூத்திரம் 45 வருஷம் காத்திருந்து நுரையீரலின் ஒவ்வொரு மூலைக்கும் வந்து சேர்ந்தது.

வேகத்துக்கு இன்னும் இரண்டு உதவிகள் கிடைத்தன. 1996-ல் விஸ்கான்சின் குழு ஒன்று, படத்தின் முக்கியத் தகவலை அடிக்கடியும் நுணுக்கத் தகவலை எப்போதாவதும் புதுப்பித்து நேரம் மிச்சம் பிடித்தது. 1999-ல் சூரிச்சில் புரூஸ்மன் குழுவினர், பல ரிசீவர் சுருள்கள் ஒரே நேரத்தில் கேட்பதை வைத்து பாதி அளவீடுகளைத் தவிர்த்தார்கள். இவற்றால் முழு நுரையீரலின் முப்பரிமாணப் படம் ஒன்றை ஒரு வினாடி, ஒன்றரை வினாடியில் எடுக்கும் நிலை வந்தது.

கணக்குப் போடுவதில் ஒரு வில்லங்கம் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் கண்டக்டிவிட்டி மீட்டர் உப்புக்கு நேர்விகிதத்தில் ஏறும். இங்கே அப்படி இல்லை. மருந்து கொஞ்சமாக இருக்கும்வரை வெளிச்சம் நேர்விகிதத்தில் ஏறும். அதிகமானால் மேலே தட்டையாகிவிடும். ரொம்ப அதிகமானால் மருந்தே புலத்தைக் கலைத்து இருட்டாக்கிவிடும்! பெரிய தமனியில் மருந்து அடர்த்தி, திசுவில் கொஞ்சம். தமனியின் குன்றைத் தப்பாக அளந்தால் மொத்தக் கணக்கும் தப்பு. இதனால் ஓட்டத்தை அளக்கும்போது குறைந்த மருந்தே போதும் என்ற இடத்துக்கு ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள்.

1997-ல் மிஷிகன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் மீனி குழுவினர், நுரையீரல் அடைப்பு இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட 30 பேரிடம் இந்த முறை நன்றாக வேலை செய்ததாக 'நியூ இங்கிலாந்து' மருத்துவ இதழில் எழுதினார்கள். உற்சாகம் பற்றிக்கொண்டது. கதிர்வீச்சு இல்லை, இதயத்துக்குள் குழாய் இல்லை. இனி எல்லோருக்கும் இதுதான் என்றார்கள்.

அந்த உற்சாகத்துக்குப் பரீட்சை வைத்தது அமெரிக்காவின் 'பயோபெட்-3' ஆய்வு. முடிவு 2010-ல் வந்தது. 7 மருத்துவமனைகள், 371 நோயாளிகள். படம் சரியாக விழுந்தவர்களில், அடைப்பு உள்ளவர்களைச் சரியாகக் கண்டுபிடித்தது 78 சதவீதம். அடைப்பு இல்லாதவர்களை இல்லை என்று சொன்னது 99 சதவீதம். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் மொத்தத்தில் 25 சதவீதம் பேருக்குப் படமே சரியாக விழவில்லை. அவர்களையும் கணக்கில் சேர்த்தால் 78 என்பது 57 ஆகிவிடுகிறது. இதைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு: சரியாக விழாத படங்களின் விகிதம் ஒரு மருத்துவமனையில் 11 சதவீதம், இன்னொன்றில் 52 சதவீதம்! ஒரே மாதிரி மருந்து, ஒரே மாதிரி தத்துவம். ஊசியின் நேரமும் நோயாளியின் மூச்சும் இடத்துக்கு இடம் மாறின. மூச்சுத் திணறலோடு வந்தவரிடம் 'மூச்சைப் பிடித்துக்கொள்' என்று சொல்கிற பரிசோதனை ஆயிற்றே! இதற்குள் சி.டி. ஸ்கேன் சில வினாடிகளில் வேலையை முடிக்கக் கற்றுக்கொண்டிருந்தது. அவசரப் பிரிவில் சி.டி. ஜெயித்தது, இன்றும் அதன் ராஜ்யம்தான். எம்.ஆர்.ஐ. ஆராய்ச்சிக்காரர்கள் பலர் இந்த ஆய்வைக் குறை சொல்வார்கள். எனக்கு அது நேர்மையான ஆய்வாகவே படுகிறது. பைலட் பிளான்டில் ஓடியது பிளான்டில் ஓடாவிட்டால், பிளான்டைத் திட்டிப் பயனில்லை.

இதற்கு முன்பே இன்னொரு பக்கம் இடி விழுந்திருந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஸ்கேன் சென்டரில் "கிரியாட்டினின் ரிப்போர்ட் கொண்டு வந்தீர்களா?" என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

டிரேசருக்கு முதல் விதி, போட்டது அத்தனையும் வெளியே வர வேண்டும். மாஸ் பாலன்ஸ். சாதாரண அளவில், 70 கிலோ எடை உள்ளவருக்கு 14 மில்லி லிட்டர் மருந்து; அதில் சுமார் 1.1 கிராம் காடோலினியம். ரத்தக் குழாய்ப் படத்துக்கு இதைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்குகூடக் கொடுத்தார்கள். அதிலும் யாருக்கு? சிறுநீரகம் பழுதானவர்களுக்கு விரும்பிக் கொடுத்தார்கள்! அயோடின் மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும், காடோலினியம் சாது என்று அன்றைக்கு நம்பிக்கை. எந்த வெளியேறும் குழாயை நம்பி இந்த மருந்தை வடிவமைத்தார்களோ, அந்தக் குழாய் அடைத்துப்போனவர்களுக்கே அதை அதிகமாக ஏற்றினார்கள்.

1997-ல் அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்கு விநோத நோய் ஒன்று தென்பட்டது. தோல் மரப்பட்டைபோல் தடித்து இறுகியது. மூட்டுகள் மடங்க மறுத்தன. சிலர் சக்கர நாற்காலிக்குப் போனார்கள், சிலர் இறந்தார்கள். 2000-ல் மருத்துவ இதழில் இது தனி நோயாக விவரிக்கப்பட்டது. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. 2006-ல் ஆஸ்திரியாவின் தாமஸ் குரோப்னர், தன் நோயாளிகளில் இந்த நோய் வந்தவர்களுக்கெல்லாம் முன்னதாகக் காடோலினிய மருந்து செலுத்தப்பட்டிருந்ததைக் கவனித்து எழுதினார். அதே ஆண்டு டென்மார்க்கிலிருந்தும் அதே செய்தி. 2007-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் கட்டம் கட்டிய எச்சரிக்கையை எல்லா காடோலினிய மருந்துகளின் மீதும் போடச் சொன்னது. சிறுநீரகத்தைப் பரிசோதித்த பிறகே ஊசி என்ற வழக்கம் வந்ததும் புதிய நோயாளிகள் மளமளவென்று குறைந்தார்கள்.

கூண்டில்தான் கோளாறு. கூண்டுகளில் இரண்டு ரகம். ஒன்று நீளச் சங்கிலி, காடோலினியத்தைச் சுற்றி வளைத்துப் பிடித்திருக்கும். இன்னொன்று மூடிய வளையம். சங்கிலி ரகம் ஒரு முனையிலிருந்து அவிழலாம். வளைய ரகம் அவிழ்வது ரொம்பக் கடினம். சிறுநீரகம் சரியாக இருந்தால் அவிழ்வதற்குள் வெளியே போய்விடும். இல்லாவிட்டால் நாள் கணக்கில் உடம்பிலேயே சுற்றி, அவிழ்ந்து, காடோலினியம் வெளியே வந்துவிடும். தெர்மோடைனமிக்ஸ் மட்டும் பார்த்தால் இரண்டும் உறுதிதான். கைனெட்டிக்ஸ் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். இந்த வாக்கியத்தை எத்தனை வைவாவில் கேட்டிருப்போம்!

அதோடு முடியவில்லை. 2014-ல் ஜப்பானின் கண்டா குழுவினர், பல முறை இந்த ஊசி போட்டுக்கொண்டவர்களின் மூளையில் சில பகுதிகள் மருந்து இல்லாதபோதும் வெளிச்சமாகத் தெரிவதைக் கண்டார்கள். இவர்களுக்குச் சிறுநீரகம் மோசமில்லை. பாலன்ஸ் முழுசாக மூடவில்லை என்று தெரிந்தது. ஒரு ஊசியில் நூற்றில் ஒரு பங்கு தங்கினாலும் 11 மில்லிகிராம் என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூளையில் தங்கியதால் நோய் வந்தது என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் 2017-ல் ஐரோப்பிய மருந்து நிறுவனம் சங்கிலி ரக மருந்துகள் பலவற்றின் சிரைவழிப் பயன்பாட்டை நிறுத்தி வைத்தது. 1988-ன் கதாநாயகன் மேக்னவிஸ்டும் அதில் ஒன்று. அமெரிக்கா நிறுத்தவில்லை, எச்சரிக்கையோடு விட்டுவிட்டது. 2022-ல் பாதி அளவே போதும் என்ற வளைய ரக மருந்து ஒன்று, காடோபிக்லெனால், அங்கே அனுமதி பெற்றது. அதன் கூண்டு ஒன்றுக்குப் பதில் இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளுக்கு இடம் விடுகிறது.

அப்படியானால் நுரையீரலுக்குக் காடோலினியம் வீண்தானா? இல்லவே இல்லை. அவசரப் பிரிவில் தோற்றது, வேறு வாசலில் உள்ளே வந்திருக்கிறது. ரத்தக்கட்டி கரையாமல் தழும்பாகித் தமனிச் சுவரோடு ஒட்டிக்கொண்டால், நுரையீரல் ரத்த அழுத்தம் வருடக்கணக்கில் ஏறி வலது இதயம் களைத்துப் போகும். இந்த நோயைக் கண்டுபிடித்தால் பலருக்கு அறுவை சிகிச்சையிலேயே குணமாக்கலாம். தவறவிட்டால் 'காரணம் தெரியாத மூச்சுத் திணறல்' என்றே காலம் போய்விடும். 2013-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு குழு வெளியிட்ட ஆய்வில், கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ. இந்த நோயாளிகளில் 97 சதவீதம் பேரைக் கண்டுபிடித்தது. கதிரியக்க ஸ்கேன் 96 சதவீதம். வாக்னர் வழிவந்த பழைய முறைக்குச் சமமாகக் கதிரியக்கம் இல்லாமல் வந்து நின்றுவிட்டது. இங்கே யாருக்கும் அவசரமில்லை. நிதானமாக ஊசி நேரத்தைச் சரிபார்க்கலாம், அனுபவப்பட்ட டெக்னீஷியனை வைத்து எடுக்கலாம். மேலே சொன்ன அந்த 11-க்கும் 52-க்கும் நடுவில் இருந்த விஷயமே இதுதானே.

கர்ப்பிணிகள் விஷயம் மட்டும் முரண்பாடாகவே நிற்கிறது. கதிர்வீச்சு கூடாது என்பதற்காக எம்.ஆர்.ஐ. யாருக்கு அதிகம் தேவைப்படுகிறதோ, அவர்களுக்கே காடோலினியம் கூடாது. நஞ்சுக்கொடி தாண்டிக் குழந்தையிடம் போய்விடும். ரத்தக்கட்டி அபாயமோ கர்ப்ப காலத்தில் கூடுதல். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயுள்ள குழந்தைகளுக்கும் இதே மாதிரி சங்கடம். வருஷா வருஷம் நுரையீரலைப் பார்த்தாக வேண்டும், வருஷா வருஷம் ஊசி என்றால் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு ஹைடல்பர்க்கிலிருந்து வந்த பதிலைச் சிக்னல் பிராசஸிங் படிக்கும் தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டும். 2009-ல் பாமன் குழுவினர் மருந்தே இல்லாமல், மூச்சைப் பிடிக்கவும் சொல்லாமல், சாதாரணமாக மூச்சுவிடும் நுரையீரலை வேகவேகமாகப் படம் எடுத்தார்கள். படங்களையெல்லாம் ஒரே நிலைக்கு நகர்த்திப் பொருத்தி, ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் நேரத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்து, அதற்கு ஃபூரியே மாற்றம் போட்டார்கள். மூச்சின் அலைவரிசையில் ஒரு முகடு, இதயத் துடிப்பின் அலைவரிசையில் இன்னொரு முகடு. முதலாவது காற்றோட்டம், இரண்டாவது ரத்த ஓட்டம். ஹானோவர் நகரக் குழு ஒன்று 2018-ல் இதை இன்னும் செப்பனிட்டு, ஒரு துடிப்புக்குள் ரத்த அலை பரவுவதையே காட்டும் அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறது. சின்னக் குழந்தைகூடப் படுத்திருந்தால் போதும்.

ஆனால் அந்த முகடு சொல்வது 'இங்கே அதிகம், அங்கே குறைவு' என்பதையே முதன்மையாகச் சொல்கிறது. நிமிடத்துக்கு இத்தனை மில்லி லிட்டர் என்று எண் வேண்டுமென்றால், எதையாவது உள்ளே அனுப்பி அது கடக்கும் நேரத்தை அளப்பதே வழக்கமான வழி. அதனால்தான் மருந்தில்லா முறைகள் சரியா என்று சோதிக்கும் ஆய்வுகளில் பலவும் அவற்றைக் காடோலினியத்தின் குன்றோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கின்றன.